உப்பு பார்த்துச் சொல்

ஆசிரியர் அறையில் எனக்கு 'மிளகாய்' என்று ஒரு பெயர் உண்டு. என் காதுபடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும். வாய் கொஞ்சம் நீளம்தான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டும்போது நான் மட்டும் கையைத் தூக்கி ஏன் என்று கேட்பேன். அதனால் எனக்கு ஒரு நல்லதும் நடந்ததில்லை, பள்ளிக்கூடத்துக்கும் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை.

அப்படிப்பட்ட நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். என் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருந்த ஒரு பெண் எங்கே தூங்குகிறாள் என்பது அது. மாதக்கணக்கில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளி தெப்ராவ் பக்கம், தொழிற்சாலைகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. பெற்றோர் பலர் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் போயாக வேண்டும் என்று பிள்ளைகளை இருட்டோடு கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள் அவள். வாசல் காவல்காரர் நேப்பாளி. அவளுக்காகவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

வகுப்பிலும் தூக்கம்தான். கணக்கு வாத்தியார் வந்து புகார் சொன்னார். "டீச்சர், உங்க வகுப்புப் பிள்ள படிக்க வருதா, படுக்க வருதா?" நான் அவளைக் கூப்பிட்டு, "பசியாறிட்டியா?" என்று மட்டும் கேட்டேன். பசியாறிவிட்டதாகச் சொன்னாள். வாயோரம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. பொய் என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி ஒன்றும் வேண்டியதில்லை.

உனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நீட்டினால் இந்த மாதிரிப் பிள்ளைகள் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும் தலை நிமிராது. நானும் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான். யாரோ கொடுத்ததைக் கைநீட்டி வாங்கி, நன்றி சொல்லச் சொன்னதும் சொல்லிவிட்டு நின்றவள்தான். அந்த நன்றி தொண்டையில் எப்படிச் சிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். மறுநாள் ஒரு டப்பாவில் சோறும், நெத்திலி சம்பலும், பாதி முட்டையும் கொண்டுபோனேன். "இந்தா, இதைச் சாப்பிட்டு உப்பு பாத்துச் சொல்லு. எங்க வீட்டுக்காரருக்கு நாக்கே கிடையாது, எதைப் போட்டாலும் தின்பாரு. நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றேன். அவள் நின்றுகொண்டே ஒரு வாய் போட்டாள். கண்ணை மூடி யோசித்தாள். "உப்பு சரியா இருக்கு டீச்சர்" என்றாள். "ஒரு வாயில எப்படித் தெரியும், முழுசாத் தின்னுட்டுச் சொல்லு" என்று அதட்டினேன். உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

அன்று தொடங்கியது. பள்ளிநாள் தவறாமல் காலையில் மணி அடிப்பதற்கு முன் எங்களுக்குள் அது ஒரு வேலையாகிப் போனது. நான் டப்பாவை நீட்டுவேன், அவள் உப்பு பார்ப்பாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. வீட்டில் என் கணவர் தட்டுக்குப் பக்கத்தில் உப்புக் குப்பியை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். எனக்கு இரத்த அழுத்தம் வந்ததிலிருந்து அந்தக் குப்பி மேசையை விட்டு இறங்கியதே இல்லை. "உங்களுக்குத்தான் நாக்கு செத்துப்போச்சு, பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள சரியா இருக்குன்னு சொல்லுது" என்று பெருமையடித்துக்கொள்வேன்.

அவள் எங்கே தூங்குகிறாள் என்பது ஒரு காய்ச்சல் நாளில்தான் தெரிந்தது. உடம்பு கொதித்தது. நான் என் காடியின் முன் சீட்டில் ஏற்றி, வீட்டுக்கு வழி சொல் என்றேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளியில் கொடுத்திருந்த முகவரிக்குப் போகலாமா என்றதும் அழ ஆரம்பித்துவிட்டாள். அது ஏற்கெனவே காலி செய்த வீடு. கடைசியில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கடைவரிசையின் பின்பக்கம் நிறுத்தச் சொன்னாள். கீழே டயர் கடை, மேலே இரண்டு மாடி. ஒரு கம்பெனி அந்த மாடிகளை வாடகைக்கு எடுத்துத் தன் பெண் தொழிலாளிகளைத் தங்கவைத்திருந்தது. பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி.

அவளுடைய அம்மா படியில் ஓடிவந்தார். சின்ன உருவம், கம்பெனிச் சட்டை, தலையில் இன்னும் கழற்றாத வலைத்தொப்பி. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. புருஷன் விட்டுவிட்டுப் போனதும், வீட்டு வாடகை கட்ட முடியாமல் மகளோடு அங்கே வந்து ஒளிந்துகொண்டதும், அறையில் இருந்த மற்றப் பெண்கள் மனமிரங்கி மறைத்து வைத்திருந்ததும் அந்தப் படிக்கட்டில் நின்றபடியே தெரியவந்தது. அம்மாவுக்கு இரவு வேலை என்றால் மகள் அந்தக் கட்டிலில் படுப்பாள். பகல் வேலை என்றால் இருவரும் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். விடியற்காலையில் ஷிப்ட் மாறும்போது மேற்பார்வையாளர் அறைகளை எட்டிப் பார்ப்பார். அதற்குள் அவள் சீருடை போட்டுக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். காவல்காரரின் நாற்காலிக்கு அவள் ஏன் அத்தனை சீக்கிரம் வருகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

"டீச்சர், கையெடுத்துக் கும்பிடுறேன், யாருக்கும் சொல்லிறாதீங்க" என்றார் அந்த அம்மா. "இவ இடைநிலைப்பள்ளியில படிவம் ஒண்ணு போறதுக்குள்ள ஒரு ரூம் பாத்துருவேன். சேத்துக்கிட்டுதான் இருக்கேன். அதுவரைக்கும் இந்தக் கட்டில் எங்களுக்கு இருந்தாப் போதும். இது போச்சுன்னா இவ படிப்பும் போச்சு."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பக்கத்தில் காய்ச்சலோடு நின்ற பிள்ளையிடமும், "பயப்படாத, ஸ்கூல்லேருந்து யாரும் இங்க வரமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். முதல் பாடத்தில் அவளைப் பள்ளி நூலகமான வள மையத்துக்குப் புத்தகம் அடுக்க அனுப்புவேன். அங்கே உடற்கல்விப் பாய் ஒன்றை விரித்து வைத்திருந்தேன். அடுக்க வேண்டிய புத்தகம் ஒன்றும் கிடையாது, தூங்கி எழுந்து வருவாள். ஆசிரியர் குளியலறையின் சாவியைக் கொடுத்துவைத்தேன். சோப்பும் துண்டும் என் மேசை இழுப்பறையில் இருந்தன. புதன்கிழமை என்றால் பிள்ளைகள் சாரணர் போன்ற சீருடை இயக்கங்களின் உடுப்பில் வர வேண்டும். அந்த உடுப்பு இல்லாததால்தான் அவள் புதன்கிழமைகளில் மட்டும் வராமல் இருந்தாள். எங்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை, சோம்பேறி என்று முடித்துவிட்டோம். முன்பு படித்துப் போன ஒரு மாணவியின் உடுப்பை வாங்கிக் கொடுத்ததும் புதன்கிழமையும் வந்தாள்.

தூக்கமும் சோறும் கிடைத்ததும் அந்தப் பிள்ளை படித்த படிப்பு இருக்கிறதே! மலாய்க் கட்டுரையில் அவளை அடிக்க ஆளில்லை. 'என் வீடு' என்று ஒரு தலைப்புக் கொடுத்திருந்தார்கள். முன்னால் ரம்புத்தான் மரம், சன்னலோரம் மேசை, மேசையின் மேல் தூங்குகிற பூனை, அம்மா சமைக்கிற வாசனை என்று அழகாக எழுதியிருந்தாள். மலாய் ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நான் அதை வாங்கி வாசித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

இப்படியே அந்த வருடம் முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வெள்ளம் வந்தால் பிள்ளைகளைத் தன் காடியில் ஏற்றி வீடுவீடாக இறக்கிவிடுகிற மனிதர். ஆனால் படம் எடுக்காமல் அவருக்கு ஒரு நல்ல காரியமும் நடந்ததாகக் கணக்கில்லை. நம்மவர்களிடம் இருக்கிற வழக்கம்தானே இது? தீபாவளி வந்தால் போதும். அரிசி மூட்டை, எண்ணெய்ப் போத்தல், மைலோ, பிஸ்கட் டின் எல்லாவற்றையும் ஏழை வீட்டுத் தரையில் வரிசையாக அடுக்கி, பின்னால் அந்தக் குடும்பத்தை நிறுத்தி, இருபக்கமும் ஒரே நிறச் சட்டை போட்ட அண்ணன்கள் நின்று, கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு ஒரு படம். குனிந்திருக்கிற பிள்ளையின் தாடையைப் பிடித்து, சிரிம்மா என்பார்கள்.

அந்த வருடமும் ஒரு குழு வந்தது. வீட்டுக்கே போய்க் கொடுப்போம் என்றார்கள். தலைமையாசிரியர் கூட்டத்தில் அவள் பெயரைச் சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

"சார், அவ வேணாம். விட்டுருங்க."

"ஏன் டீச்சர், கஷ்டப்படுற பிள்ளதானே?"

"கஷ்டப்படுறாதான். அதுக்காக வீடு வரைக்கும் போய்ப் போட்டோ எடுக்கணுமா? இங்கேயே கொடுங்க. நானே கொண்டுபோய்ச் சேத்துடுறேன்."

"கொடுக்கிறவங்களுக்குக் காட்டணும்லா டீச்சர். காட்டலன்னா அடுத்த வருஷம் வரமாட்டாங்க."

நான் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேனே தவிர, சொல்ல வேண்டிய காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னால் அது ஆசிரியர் அறையைச் சுற்றிவிட்டு மாலைக்குள் வெளியே போய்விடும். எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவள் இதற்கும் போடுகிறாள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்துக்கொண்டே, "சரி டீச்சர், பாத்துக்கலாம்" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் பொருள் கொடுக்க வந்த அன்று நான் பள்ளியில் இல்லை. பொந்தியானில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். என்ன பயிற்சி தெரியுமா? பி40 என்று அரசாங்கம் பெயர் வைத்திருக்கிற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் எப்படித் துணை நிற்பது என்ற பயிற்சி. குளிரூட்டிய மண்டபம், இரண்டு வேளை தேநீர், திரையில் ஓடுகிற படங்கள். பிள்ளையின் வீட்டுச் சூழலை நேரில் போய் அறிந்துகொள்ளுங்கள் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கைப்பேசியைத் திறந்தேன். பள்ளியின் வாட்சப் குழுவில் படம் வந்திருந்தது.

அதே கட்டில். அதே அறை. கட்டிலுக்கு முன்னால் அரிசி, எண்ணெய், மைலோ. வேலை முடிந்து வந்து அப்போதுதான் படுத்திருப்பார் போல, அந்த அம்மாவின் முடி கலைந்திருந்தது. கம்பெனிச் சட்டையின் மார்பில் கம்பெனியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. மகள் பள்ளிச் சீருடையில், கையில் பிஸ்கட் டின்னோடு நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'வறுமையில் வாடும் மாணவிக்கு உதவிக்கரம்' என்று கீழே எழுதி, முகநூலிலும் போட்டிருந்தார்கள். வாழ்த்துகள் குவிந்துகொண்டிருந்தன.

தலைமையாசிரியரை அழைத்து, சுற்றி ஆள் இருப்பதுகூடத் தெரியாமல் கத்தினேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியாது டீச்சர்" என்றார். "வழி காட்டும்மான்னேன். பேசாம வந்து முன் சீட்டுல உக்காந்து வழி காட்டுச்சு." பெரிய சார் வந்து கேட்டால் ஒரு பிள்ளை வேறென்ன செய்யும்? எங்கள் பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர் உடனே படத்தை எடுத்துவிட்டார். அதற்குள் அது யார் யார் கைக்கோ போய்விட்டது.

மறுநாள் அவள் வந்தாள். டப்பாவை நீட்டினேன். சாப்பிட்டாள். "உப்பு சரியா இருக்கு டீச்சர்" என்றாள். டப்பாவைக் கழுவிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் காவல்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும் காலி.

நான் அந்த மாடிக்குப் போனேன். அறையில் ஒரு பெண் மட்டும் இருந்தார். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்ததையும், மறைத்து வைத்ததற்காக அவர்கள் எல்லாருக்கும் எச்சரிக்கை வந்ததையும் சொன்னார். "வேலையும் போச்சு டீச்சர். துணிப்பையோட மோட்டார்ல ஏறிப் போனாங்க. எங்கன்னு சொல்லல. எங்களுக்கும் அவங்க மேல கொஞ்சம் கோவம்தான், பொய் சொல்லக் கூடாதுல்ல." கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை பாதி குறைந்து கிடந்தது. அவர்களால் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லையாம். "நாங்கதான் ஆக்கித் தின்னுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

வருடம் மாறியது. எங்கள் பிள்ளைகள் போகிற இடைநிலைப்பள்ளியின் வாசலில் முதல்நாள் காலையில் போய் நின்றேன். என் பழைய பிள்ளைகள் எல்லாரும் புதுச் சீருடையில் வந்து, டீச்சர் டீச்சர் என்று சுற்றிக்கொண்டார்கள். மணி அடித்துக் கதவைச் சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை.

அவளை மறுபடி பார்த்தது செடெனாக் என்ற ஊரில். ஒரு காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பசித்தது. அன்று சனிக்கிழமை. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிச் சாலையோரத்தில் கூடாரம் போட்ட சோற்றுக்கடை, லோரிக்காரர்கள் சாப்பிடுகிற இடம். உட்கார்ந்ததும் ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். காலில் கறுப்புப் பள்ளிக் காலணி, பின்பக்கம் மிதித்து மடிந்திருந்தது. உயரமாகிவிட்டாள். "டீச்சர்" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

அம்மா தோட்டத்தில் உரம் போடப் போவதாகச் சொன்னாள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேசையைத் துடைத்துக்கொண்டே, "இங்கதான் டீச்சர், கிட்டதான்" என்று கையை நீட்டினாள். அவள் காட்டிய பக்கம் செம்பனை மரங்கள் மட்டும்தான் இருந்தன.

"ஸ்கூலுக்கு வாம்மா. நான் சேத்துவிடுறேன்."

"போட்டோ எடுக்காத ஸ்கூல் இருக்கா டீச்சர்?" குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"இருக்கு. நான் பேசுறேன். யாரும் உங்க வீட்டுக்கு வரமாட்டாங்க."

"அன்னிக்கும் அப்படித்தான் சொன்னீங்க."

இந்த மிளகாய் தலைகுனிந்து தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளே என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள் போலிருக்கிறது. "அம்மாகிட்ட கேக்கணும் டீச்சர். எனக்கு ஆசதான். அவங்களுக்குத்தான் ரொம்பப் பயம்" என்றாள். அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அம்மாவையும் இருக்கச் சொல் என்றேன். தலையாட்டினாள். பிறகு உள்ளே போய், நான் கேட்காத முட்டையையும் வைத்து ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்தாள். "சம்பல் நான் செஞ்சது. உப்பு பாத்துச் சொல்லுங்க."

ஒரு வாய் போட்டேன். கரித்தது. "சரியா இருக்கு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பொய் சொல்றீங்க. இங்க எல்லாரும் உப்பு கூடன்னு சொல்றாங்க."

"சரி, கூடத்தான். என் சம்பல நீ சரியா இருக்குன்னு சொன்னது மட்டும் நெசமா?"

"உங்க சம்பல்ல எப்பவுமே உப்பு பத்தாது டீச்சர்."

"அப்புறம் ஏன் தெனமும் அப்படிச் சொன்ன?"

"கொறைன்னு சொன்னா அடுத்த நாள் கொண்டு வராம விட்டுருவீங்களோன்னு பயம்" என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டு, பக்கத்து மேசைக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்த ஒரே நிறச் சட்டைக்காரர்களைப் போல நான் இல்லை என்று எத்தனை இறுமாப்பாக இருந்தேன்! தினமும் காலையில் அவள் எனக்காகவும் ஒரு முறை சிரித்துக் காட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அந்த வாரம் முழுவதும் அலைந்தேன். அந்தப் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் முதல்வரைப் பிடித்துப் பேசினேன். பிள்ளை வந்து உட்காரட்டும், வீட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று அந்த மலாய்க்கார அம்மா சொன்னார். நம்பலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து சம்பல் வைத்தேன். உப்பைத் தாராளமாகப் போட்டு, கணவரை எழுப்பி ருசி பார்க்க வைத்து, அவர் உப்புக் குப்பியைத் தேடவில்லை என்று தெரிந்த பிறகே டப்பாவில் அடைத்தேன்.

கடையில் வேறொரு பெண் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். "அவங்களா? புதன்கிழமையே போயிட்டாங்களே. திடீர்னு அவ அம்மா வந்து, ஸ்கூல்லேருந்து யாரோ வராங்களாம்னு சொல்லிக் கையோட கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். எந்தப் பக்கம் போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காடிக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.